இல்லை, அல்ல, தெரியாது

இணையத்தில் நூல் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 10,000 வாடிக்கையாளர்களின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அதன் மென்பொருளில் இருக்கின்றன. அடுத்த மாதம் கடை சென்னையிலும் மதுரையிலும் ஸ்டால் போடப் போகிறது. “சென்னை வாசகர்களுக்கும் மதுரை வாசகர்களுக்கும் ஒரு மெயில் அனுப்பிடுப்பா” என்கிறார் முதலாளி. கணினி முன் இருக்கும் இளைஞர் திரையில் இரண்டு வரிகளை நிரப்புகிறார். முதல் வரி, ஊர் = சென்னை. இரண்டாவது, ஊர் = மதுரை. இரண்டையும் இணைக்க ‘மற்றும்’ என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கிறார். எத்தனை பேர் தேறினார்கள் என்று காட்டும் இடத்தில் 0 என்று வருகிறது.

முதலாளி பேசிய தமிழில் பிழை இல்லை. அவர் சொன்ன ‘உம்’ இரண்டு கூட்டங்களை ஒன்றாகச் சேர்க்கிறது. இலக்கணத்தில் இதற்கு எண்ணும்மை என்று பெயர். ஆனால் மென்பொருள் கூட்டத்தைப் பார்ப்பதே இல்லை. வாடிக்கையாளர் விவரங்கள் ஒரு அட்டவணையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. மென்பொருள் ஒவ்வொரு வரிசையின் முன்னும் நின்று, “உன் ஊர் சென்னையா? அதே நேரத்தில் மதுரையும்தானா?” என்று கேட்கிறது. ஊர் என்ற கட்டத்தில் ஒரு பெயர்தான் இருக்க முடியும். ஆகவே ஒருவரும் தேறவில்லை. வாடிக்கையாளர்களைச் சேர்க்க நாம் பேச்சில் பயன்படுத்தும் ‘உம்’, விதியின் மொழியில் ‘அல்லது’ ஆகிவிடுகிறது. விதியில் ‘மற்றும்’ என்று எழுதினால், ஒவ்வொரு முறையும் பட்டியல் அப்படியே இருக்கும் அல்லது சுருங்கும். ஒருபோதும் வளராது.

இளைஞர் பாடம் கற்றுக்கொள்கிறார். மறுநாள் வேறு வேலை வருகிறது. சென்னையிலும் மதுரையிலும் இல்லாதவர்களுக்கு மட்டும் தபால் செலவில் சலுகை. இப்போது அவர் ஊர் ≠ சென்னை, ஊர் ≠ மதுரை என்று எழுதி, நேற்றைய அனுபவத்தை மனதில் வைத்து நடுவில் ‘அல்லது’ போடுகிறார். சென்னைக்காரரின் ஊர் மதுரை கிடையாது, அதனால் அவர் உள்ளே வருகிறார். மதுரைக்காரரின் ஊர் சென்னை கிடையாது, அவரும் உள்ளே. ஊர் எழுதிய அத்தனை பேருக்கும் சலுகை போய்விடுகிறது.

இந்த இரண்டாவது பிழைக்கு மருந்து சொன்னவர் மதுரையில் பிறந்தவர். அகஸ்டஸ் டி மார்கன் 1806ஆம் ஆண்டு அங்கே பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. பின்னாளில் அவர் லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆனார். அவர் பெயரால் வழங்கும் விதியைச் சுருக்கமாகச் சொல்லலாம்: ‘இதுவோ அதுவோ’ என்பதை மறுத்தால், ‘இதுவும் இல்லை, அதுவும் இல்லை’ என்று ஆகும். மறுப்பு உள்ளே நுழைந்ததும் ‘அல்லது’ மாறி ‘மற்றும்’ ஆகிவிடும். ஆகவே சென்னை, மதுரை இரண்டையும் விலக்க, இரண்டு மறுப்புகளுக்கும் நடுவில் ‘மற்றும்’ வேண்டும். டி மார்கன் தமது தருக்க நூலை 1847இல் வெளியிட்டார். தருக்கத்தை இயற்கணிதமாக மாற்றிய ஜார்ஜ் பூலின் முதல் நூலும் அதே ஆண்டில்தான் வந்தது. இன்று உங்கள் கைபேசிக்கு வரும் ஒவ்வொரு சலுகைச் செய்திக்கும் பின்னால் அந்த இருவரின் கணக்கு ஓடுகிறது.

வாடிக்கையாளர்களைப் பிரித்துப் பார்க்கும் எண்ணத்துக்கு வணிகவியலில் ஒரு பெயர் நிலைத்தது 1956இல், வெண்டெல் ஸ்மித் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. ஒரே பண்டத்தை எல்லாருக்கும் விற்க முனைவதைவிட, சந்தையைத் தனித்தனித் தேவைகள் கொண்ட சிறு சந்தைகளாகப் பார்க்கலாம் என்றார் அவர். அந்தச் சிறு சந்தைதான் செக்மென்ட். அந்த வேலையை மென்பொருளிடம் ஒப்படைக்கும் காலம் பின்னர் வந்தது. எலோக்வா 1999இல் தொடங்கியது. ஹப்ஸ்பாட்டும் மார்க்கெட்டோவும் 2006இல் வந்தன. 2014இல் வந்த மாட்டிக் திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை யாரும் படித்துப் பார்க்கலாம். விதி எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரிந்து இல்லை.

எந்த மென்பொருளாக இருந்தாலும் விதியின் அடிப்படை அலகு மூன்று துண்டுகள்தான்: எந்தக் கட்டம், எந்த ஒப்பீடு, எந்த மதிப்பு. ‘கடைசி ஆர்டர் தேதி’, ‘பிந்தையது’, ‘30 நாட்களுக்கு முன்’. இப்படிப்பட்ட வரிகளை மென்பொருள் ஒன்றாகக் கோத்து, தரவுத்தளத்துக்குப் புரியும் எஸ்.கியூ.எல். வினவலாக மொழிபெயர்க்கிறது. கோக்கும்போது கணிதத்தில் கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வதுபோல, ‘அல்லது’வுக்கு முன் ‘மற்றும்’ இறுகும். மாட்டிக்கில் ‘அல்லது’ என்று போட்ட இடத்தில் ஒரு புதிய குழு தொடங்குகிறது. “சென்னை அல்லது மதுரை, மற்றும் 30 நாளில் வாங்கியவர்” என்று வரிசையாக நிரப்பினால், மதுரைக்காரர்களுக்கு மட்டும்தான் 30 நாள் நிபந்தனை ஒட்டும். சென்னையில் பத்தாண்டுக்கு முன் ஒரே ஒரு நூல் வாங்கியவரும் பட்டியலில் இருப்பார். 30 நாள் நிபந்தனையை இரண்டு குழுக்களிலும் எழுத வேண்டும்.

இதுவரை பார்த்தவை எண்ணிக்கையைக் கவனித்தாலே பிடிபடும் பிழைகள். 0 வந்தால் சந்தேகம் வரும், 10,000 வந்தாலும் வரும். நம்பும்படியான எண்ணைக் காட்டிக்கொண்டு தவறாக இருக்கும் விதிகளைத்தான் நான் அஞ்சுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை மறுப்பில் பிறக்கின்றன.

தமிழில் மறுப்புக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. “இது சமையல் நூல் அல்ல” என்றால் கையில் ஒரு நூல் இருக்கிறது, அது வேறு வகை. “சமையல் நூல் இல்லை” என்றால் அப்படி ஒன்று அங்கே கிடையாது. பேச்சில் இரண்டையும் கலந்தாலும் எழுதும்போது நம் காது வேறுபாட்டைக் கேட்டுவிடும். விதியை எழுதும் திரையில் அந்தக் காது உதவுவதில்லை. கடை, இதுவரை சமையல் நூல் வாங்காதவர்களுக்கு ஒரு சமையல் நூலை அறிமுகம் செய்ய விரும்புகிறது. இளைஞர் எழுதுகிறார்: வாங்கிய நூலின் வகை ≠ சமையல். ஒருவருக்கு ஒரு ஊர்தான், ஆனால் ஒருவருக்குப் பல ஆர்டர்கள். ஒரு வாசகி ஐந்து சமையல் நூல்களும் ஒரு நாவலும் வாங்கியிருக்கிறார். மென்பொருள் அவரது ஆறு ஆர்டர்களையும் பார்க்கிறது. நாவல் சமையல் நூல் அல்ல. விதி நிறைவேறிவிட்டது. ஐந்து சமையல் நூல் வாங்கியவருக்கு “சமையல் நூல்கள் உங்களுக்குப் புதிது” என்று மெயில் போகிறது. நாவலே வாங்காமல், எதுவுமே வாங்காமல் பெயரை மட்டும் பதிந்து வைத்திருப்பவருக்கு ஆர்டர் வரிசையே கிடையாது. ‘அல்ல’ என்று சொல்வதற்கும் ஒரு வரிசை வேண்டுமே. அவர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். சமையல் நூல் இதுவரை வாங்காதவர் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஆள் அவர்தான்.

இளைஞர் எழுதியது, ‘சமையல் அல்லாத ஒன்றை வாங்கியவர்’. அவர் மனதில் இருந்தது, ‘சமையல் நூல் வாங்கிய பதிவு இல்லாதவர்’. முதலாவதற்கு ஒரே ஒரு சான்று போதும். இரண்டாவதற்கு ஒருவரின் எல்லா ஆர்டர்களையும் தேடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பி வர வேண்டும். தருக்கவியலில் மறுப்பு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதே இவற்றின் வேறுபாடு. நல்ல மென்பொருள்கள் இதற்கென்று ‘வாங்கியதே இல்லை’ என்ற தனி ஒப்பீட்டைத் தருகின்றன. வேறு சிலவற்றில் ‘சமையல் வாங்கியவர்’ என்று ஒரு செக்மென்ட்டை உருவாக்கி, அந்த செக்மென்ட்டில் இல்லாதவர் என்று இன்னொன்றை அமைக்க வேண்டும். இரண்டாவது வழி சற்றுச் சுற்றுவழி. ஆனால் படிப்பவருக்கு என்ன நடக்கிறது என்று தெளிவாகத் தெரியும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

அடுத்தது, நிரப்பாத கட்டம்.

பத்தாயிரம் பேரில் ஊர் = சென்னை என்று கேட்டால் 2,300 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் ≠ சென்னை என்று கேட்டால் 7,700 வர வேண்டும். ஆனால் 6,100 வருகிறது. மீதி 1,600 பேர் ஊரையே எழுதாதவர்கள். எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டின் வழியில் வளர்ந்த எஸ்.கியூ.எல்., இல்லாத மதிப்பை ‘நல்’ என்ற தனி அடையாளத்தால் குறிக்கிறது. நல் என்பது சுழியம் கிடையாது, வெற்றுச் சொல்லும் கிடையாது. அதை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை ‘சரி’ என்றும் வராது, ‘தவறு’ என்றும் வராது. ‘தெரியாது’ என்று வரும். பூலின் கணிதத்தில் இரண்டு மதிப்புகள்தான். இங்கே மூன்று. வினவலோ ‘சரி’ என்று விடை வந்த வரிசைகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஊர் எழுதாதவர் சென்னைப் பட்டியலிலும் இருக்க மாட்டார், சென்னை அல்லாதார் பட்டியலிலும் இருக்க மாட்டார்.

சில மென்பொருள்களை வடிவமைத்தவர்கள் இதை உணர்ந்து, ‘≠’ என்ற ஒப்பீட்டைப் பயன்படுத்தும்போது வெற்றுக் கட்டக்காரர்களையும் தாமாகவே சேர்த்துவிடுகிறார்கள். சிலர் அப்படிச் செய்வதில்லை. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது, ஆனால் உங்கள் மென்பொருள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விதி எழுதக் கூடாது. சோதிப்பது எளிது. ஒரு விதியையும் அதன் மறுப்பையும் தனித்தனியே ஓட்டி இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். மொத்தத்துக்குச் சமமாக வராவிட்டால், விடுபட்டவர்கள் எங்கோ இருக்கிறார்கள்.

வெற்றுக் கட்டத்திலும் இரண்டு வகை உண்டு. படிவத்தில் கேட்டோம், அவர் எழுதவில்லை. அல்லது, பழைய படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. முதலாவது பெரும்பாலும் வெற்றுச் சொல்லாகவும், இரண்டாவது நல்லாகவும் சேமிக்கப்படும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி காலியாகத் தெரியும். சொல்ல விரும்பாதவரும் கேட்கப்படாதவரும் ஒன்றா? கேட்கப்படாதவரிடம் இனிமேல் கேட்கலாம். சொல்ல விரும்பாதவரை விட்டுவிட வேண்டும்.

ஊர் என்ற கட்டத்தை எழுதியவர்களும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. திருச்சி, திருச்சிராப்பள்ளி, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள். மென்பொருளுக்கு ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர். இதைத் தவிர்க்கப் பலர் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குப் போகிறார்கள். புதுச்சேரி வாடிக்கையாளர் வேண்டுமா, ‘605 என்று தொடங்குவது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். புதுச்சேரி நகரின் எண்கள் 605இல்தான் தொடங்குகின்றன. ஆனால் விழுப்புரத்தின் எண் 605602. அது தமிழ்நாடு. காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. மூன்றும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை, மூன்றும் இந்த விதிக்குத் தப்பிவிடும். அஞ்சல் துறை அந்த எண்களைக் கடிதங்களைப் பிரிப்பதற்காக வகுத்தது. ஆட்சி எல்லையைக் காட்டுவதற்காக வகுக்கவில்லை. ஒரு கட்டத்தை எந்த நோக்கத்துக்காக யார் உருவாக்கினார்கள் என்று தெரியாமல் அதன்மேல் விதி எழுதினால், வெளியே நிற்பது காரைக்கால்காரர்.

காலத்தைப் பற்றிய விதிகள் இன்னும் ஆழமான சிக்கலைக் கொண்டவை. ‘90 நாளாக ஒன்றும் வாங்காதவர்’ என்று ஒரு விதி. ஒருவர் ஆர்டர் போட்டால் அது ஒரு நிகழ்வு. மென்பொருளுக்கு உடனே தெரியும், அந்த ஒருவரின் விதிகளை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். வாங்காமல் இருப்பது நிகழ்வு கிடையாது. 89ஆம் நாள் முடிந்து 90 பிறக்கும்போது எந்த மணியும் அடிப்பதில்லை, எந்த வரிசையும் எழுதப்படுவதில்லை. அவர் எதுவும் செய்யாமலேயே ஒரு பட்டியலில் இருந்து இன்னொரு பட்டியலுக்குப் போகிறார். இல்லாமையைக் கண்டுபிடிக்க ஒரே வழி, குறித்த இடைவெளியில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்பதுதான்.

அதற்காகத்தான் சர்வரில் கிரான் என்ற கடிகாரப் பணி ஓடுகிறது. மாட்டிக்கில் செக்மென்ட்டைப் புதுப்பிக்க ஒரு பணி, கேம்பெய்னில் ஆட்களைச் சேர்க்க அடுத்த பணி, மெயில் முதலான செயல்களைத் தொடங்க மூன்றாவது பணி. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று மோதாதபடி சில நிமிட இடைவெளியில் அமைப்பார்கள். அந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது. கூடையில் நூலை வைத்துவிட்டு வாங்காமல் போனவர்களின் பட்டியல் 10 மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது. 10.02க்கு ஒருவர் பணம் செலுத்திவிடுகிறார். 10.10க்கு, “உங்கள் கூடை காத்திருக்கிறது” என்று அவருக்கு மெயில் போகிறது. பணம் போய்ச் சேரவில்லையோ என்று அவர் பதறுவார். அனுப்பும் கணத்தில் அந்த ஒருவரின் நிலையை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினால் இது நேராது.

சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடினால் இன்னொரு சங்கடம். அதன் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. முதல் தேதி அதிகாலை ஒரு மணிக்கு இங்கே ஒருவர் போடும் ஆர்டர், சர்வரின் கணக்கில் சென்ற மாதத்தைச் சேர்ந்தது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு கண்ணாடிக் கடையில் பல ஆண்டுகளாக மூக்குக் கண்ணாடி மாற்றி வந்தார். அவர் காலமான எட்டாவது மாதம், அம்மாவிடம் இருந்த அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. நீண்ட நாளாக உங்களைக் காணவில்லை, ஒருமுறை வந்து போங்கள் என்று பெயர் சொல்லி அழைத்திருந்தார்கள். அடுத்த மாதமும் வந்தது. அம்மா அதை அழிக்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் தற்செயலாகத்தான் பார்த்தேன்.

அந்த விதியை யாரோ நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். கடைக்கு வராதவரை அழைப்பது வணிகம். ஆனால் ‘வரவில்லை’ என்ற ஒரே வெறுமைக்குள் எத்தனை காரணங்கள் இருக்க முடியும்? ஊர் மாறியவர், வேறு கடைக்குப் போனவர், நோயில் கிடப்பவர், இறந்தவர். விதி அத்தனை பேரையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. தெரியாது என்பதை அது ‘மறந்துவிட்டார்’ என்று வாசிக்கிறது.

மின்னஞ்சலைத் திறந்தாரா என்ற கேள்விக்கும் இதே கதி. மெயிலுக்குள் ஒரு புள்ளி அளவே உள்ள, கண்ணுக்குத் தெரியாத படத்தை வைத்து, அது இறக்கப்பட்டால் திறந்ததாகக் கணக்கிடுவார்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. அதை ஏற்றவர்களுக்கு, மெயிலைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் படங்கள் ஆப்பிளின் இடைநிலைச் சர்வர்கள் வழியாக முன்னதாகவே இறக்கப்படுகின்றன. படிக்காதவரும் படித்தவராகத் தெரிகிறார். படங்களை முடக்கி வைத்துப் படிப்பவரோ படிக்காதவராகத் தெரிகிறார். ‘திறந்தவர்’ என்று விதி எழுதி வைத்திருந்தவர்களின் பட்டியல்கள் அதற்குப் பிறகு பொருள் இழந்தன. பலர் அந்த விதியை இன்னும் மாற்றவில்லை.

மௌனத்தை எப்படி வாசிப்பது என்பதில் சட்டம் மென்பொருளைவிடத் தெளிவாக இருக்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, மௌனமும், முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டமும் இசைவு ஆகாது என்கிறது. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு தெளிவான ஒரு செயலின் மூலம் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது. விதியின் மொழியில் இதை எழுதுவது எளிது. ‘மறுப்பு ≠ ஆம்’ என்று எழுதினால், மென்பொருளைப் பொறுத்து, எதுவும் சொல்லாதவரும் உள்ளே வரக்கூடும். ‘இசைவு = ஆம்’ என்று எழுதினால், சொன்னவர் மட்டுமே வருவார். விளம்பரச் செய்தி அனுப்பும் எந்த விதியிலும் முதல் வரி இந்த இரண்டாவதாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பட்டியல் சுருங்கும். சுருங்கட்டும்.

ஒரு சனிக்கிழமை நான் அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் முதலில் வருத்தம் தெரிவித்தார், பிறகு அப்பாவின் எண்ணைத் தட்டித் திரையைக் காட்டினார். பெயர், எண், பவர், கடைசியாக வந்த தேதி. காலமானார் என்று குறிக்க ஒரு கட்டம் அங்கே இல்லை. கடைசி வருகைத் தேதியை இன்றைக்கு மாற்றினால் செய்தி நிற்கும், ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி வரும் என்றார். அவர் சொன்னது சரி. அது நகரும் காலத்தின் மேல் எழுதப்பட்ட விதி.

இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில், மாட்டிக்கிலும், ஒருவரைப் பட்டியலில் இருந்து கையால் நீக்கும் வசதி இருக்கிறது. கையால் நீக்கப்பட்டார் என்ற குறிப்பு அவர் பெயருடன் தனியாகச் சேமிக்கப்படும். அதன்பின் கிரான் எத்தனை முறை ஓடினாலும், அந்தப் பட்டியலின் விதி எத்தனை முறை பொருந்தினாலும், அவரைத் திரும்பச் சேர்க்காது. அந்தக் கடையின் மென்பொருளிலும் அது இருந்தது. அந்தப் பெண் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார். அதற்குப் பிறகு அப்பாவின் கைபேசிக்கு அங்கிருந்து செய்தி வரவில்லை.